சீட்டுக் கிடைக்குமா?

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் நிலப் பத்திரத்தை நீட்டி வில்லங்கம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி அபிப்பிராயம் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக் கொள்வார்கள். இந்த நம்பிக்கைக்கு நான் பலமுறை பாத்திரமாகியிருக்கிறேன். ஒருமுறை, சென்ற கோடையில், அதற்குத் துரோகம் செய்யவும் இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வரப் போகிறேன்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில், ஒரு மாதம் தங்கி ஒரு நாவலை முடித்துவிடலாம் என்று போயிருந்தேன். நாவல் முடியவில்லை, அது வேறு விஷயம். நான் தங்கியிருந்த வீட்டுக்குக் காலையில் பால் கொண்டு வருகிறவர் அந்த ஊர்க்காரர். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று அவர்களே அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஒரு ஏக்கர் காப்பியும், நிழல் மரத்தில் ஏறிய மிளகும் அவர் சொத்து. அது போதாமல் அவரும் மனைவியும் எஸ்டேட்டில் கூலிக்கும் போகிறார்கள்.

ஒருநாள் பால் செம்போடு கூட ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டு வந்தார். பின்னால் அவருடைய மகள் நின்றாள். பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பத்தாம் வகுப்பு மார்க் பட்டியல். 500-க்கு 451.

"சார், நீங்க பொஸ்தகமெல்லாம் எழுதறவங்களாமுங்க. இந்தப் புள்ளை டாக்டருக்குப் படிக்கோணுமுங்குது. சீட்டுக் கெடைக்குமுங்களான்னு பார்த்துச் சொல்லுங்க."

காகிதத்தைக் கையில் வாங்கி, ஏதோ ரேகை பார்க்கிறவனைப் போல உற்றுப் பார்த்தேன். நல்ல மார்க்குத்தான். கணக்கில் 94. விஞ்ஞானத்தில் 96. இங்கிலீஷில் கொஞ்சம் குறைவு. தமிழ் வழியில் படித்தவள். ஆறாவதிலிருந்து மலையிலுள்ள அரசுப் பள்ளிதான். "விசாரித்துச் சொல்கிறேன், வாங்க" என்று அனுப்பி வைத்தேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, மடிப்புக் கலையாமல் அதை வாங்கிக் கொண்டாள். அவ்வளவுதான்.

விசாரிக்க எனக்கு அங்கே ஒருவர்தாம் இருந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஏற்காட்டில் பங்களா கட்டிக்கொண்டு இருப்பவர். படித்தவர், பண்பாளர், தாராள மனசு உடையவர். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அவரைத் திட்டுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தக் கட்டுரையில் இருப்பது முழுவதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று.

அவர் மார்க்கைக் கேட்டார். பள்ளியைக் கேட்டார். அரை நிமிஷம் யோசித்தார். "வாய்ப்பில்லை சார்" என்றார்.

"ஏன்?"

"கணக்குப் பாருங்கள். 2025-இல் நீட் பரீட்சை எழுதியவர்கள் 22 லட்சம் பேர். தேசம் முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர். அந்த இருபது பேரில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பிலிருந்தே கோச்சிங்கில் ஊறியவர்கள். இந்தப் பெண் பௌதிகத்துக்கு வாத்தியார் பாதி வருஷம் இல்லாத பள்ளியில் படித்தவள். பாவம், ஆசை காட்டாதீர்கள்."

அத்தோடு விட்டிருந்தால் எத்தனையோ பேர் சொல்கிற தீர்ப்பு அது என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் நான் சொன்னேனே, அவர் தாராள மனசுக்காரர். "ஒன்று செய்யலாம். பெண் சூட்டிகையாக இருக்கிறாள் என்கிறீர்கள். கீழே நாமக்கல் பக்கம் நல்ல ஹாஸ்டலோடு கூடிய தனியார் பள்ளி பார்த்து, பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷத்துக்கும் நானே பணம் கட்டிச் சேர்த்து விடுகிறேன். டாக்டர் ஆகாவிட்டாலும் நர்சிங்காவது படிப்பாள்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா என்று மெய் சிலிர்த்தேன். மறுநாள் காலையில் பால்காரரிடம், "உங்கள் அதிர்ஷ்டம், பெரியவர் படிக்க வைக்கிறேன் என்கிறார், விட்டுவிடாதீர்கள்" என்று சொல்வதாக மனசுக்குள் வசனம்கூட எழுதிவிட்டேன்.

அந்த வசனத்தை நான் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு பஸ். அன்று சாயங்காலம் வரவேண்டிய நேரத்துக்கு அது வரவில்லை. நின்றுகொண்டிருந்த இடத்தில் மலைப் பள்ளி ஆசிரியை ஒருவரும் நின்றார். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனார்கள்.

"சார், அந்தப் பெண்ணைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஏழரைச் சதவீதம் போய்விடுமே! ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிய அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தானே அது? இரண்டு வருஷத்துக்காக ஐந்து வருஷத்தை இழக்கச் சொல்கிறீர்களா?"

எனக்குக் காதில் பனி விழுந்தது போல் ஆகிவிட்டது. 2020-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம். நீட் பரீட்சையில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பு இடங்களில் 7.5 சதவீதம் தனியே ஒதுக்குகிற சட்டம். அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குப் படிப்புச் செலவையும் ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது. பத்திரிகையில் படித்திருக்கிறேன், மேடையில் அதைப் பற்றிப் பேசக்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் மார்க் பட்டியல் கையில் இருந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. பெரிய உத்தியோகம் பார்த்த அந்தக் கனவானுக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை? எங்கள் இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படாத சட்டம், அதனால்தான்.

இதுதான் நான் சொல்ல வந்த குற்றச்சாட்டு. "இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு உண்டா?" என்று கேட்டால் நாம் பிள்ளையை உற்றுப் பார்க்கிறோம், மார்க்கைப் பார்க்கிறோம், பள்ளியைப் பார்க்கிறோம், அப்பனுடைய கைகளைப் பார்க்கிறோம். பிறகு உதட்டைப் பிதுக்குகிறோம். வாய்ப்பு என்பது ஏதோ அந்தப் பிள்ளையின் உடம்போடு பிறந்த மச்சம் மாதிரி நினைத்துக் கொள்கிறோம். ஐயா, அது மச்சமல்ல. அது பாதை. பாதையைப் பிள்ளை போடுவதில்லை. நாம் போடுகிறோம், அல்லது போடாமல் விடுகிறோம்.

ருஜு வேண்டுமா? 2019-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஆறாயிரம் அல்ல, அறுநூறு அல்ல, ஆறு. நம் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் படிக்கிற பள்ளிகளிலிருந்து ஆறு பேர்! அடுத்த வருஷம், சட்டம் வந்தபின், முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இடையில் என்ன நடந்தது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வருஷத்தில் மூளை ஐம்பது மடங்கு வளர்ந்துவிட்டதா? தண்ணீரில் ஏதாவது கலந்து கொடுத்தார்களா? பிள்ளைகள் அதே பிள்ளைகள். பள்ளிகள் அதே பள்ளிகள். பௌதிக வாத்தியார் இல்லாத இடத்தில் அப்போதும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று: சட்டப் புத்தகத்தில் சில பக்கங்கள்.

2019-இல் ஒரு பெரியவர் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பார்த்து "உனக்கு வாய்ப்பில்லை" என்று சொல்லியிருந்தால் கணக்குப்படி அது சரி. அதே வார்த்தையை 2020-இல் சொல்லியிருந்தால் அது பொய். பிள்ளை ஒன்றே; தீர்ப்பு இரண்டு. அப்படியானால் அவர் அளந்தது பிள்ளையையா, நம்மையா?

என் நண்பரின் 22 லட்சக் கணக்கில் இருந்த பிழையும் இதுதான். அந்தப் பெண் 22 லட்சம் பேரோடு ஒரே வரிசையில் நிற்கவில்லை. அவளுக்கு உரிய வரிசை வேறு, குட்டையான வரிசை. அதில் அவளோடு நிற்பவர்களும் வாத்தியார் இல்லாத வகுப்பில் படித்தவர்கள். விடுமுறையில் மிளகு பறித்தவர்கள். அவளை அந்த வரிசையிலிருந்து அன்பாகக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போய், பெரிய வரிசையின் வாலில் நிறுத்தப் பார்த்தோம் நாங்கள் இருவரும். பணம் கொடுத்து அவள் வாய்ப்பைக் குறைக்க இருந்தோம். தர்மம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

என் சொந்தக் கதை ஒன்றும் இதில் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 1998-இல். அப்போது இன்ஜினீயரிங், மருத்துவத்துக்கெல்லாம் மாநில நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது, 1984-இல் வந்தது. அதற்கு ஒரு மாதப் பயிற்சி வகுப்புகள் பட்டணங்களில் நடக்கும். எங்கள் ஊரிலிருந்து போய்த் தங்கிப் படிக்க எங்களிடம் பணம் இல்லை. அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவரிடம் அப்பா என்னை அழைத்துப் போனார். அவர் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "எட்டாத மரத்துக்குக் கல் எறிய வேண்டாம்" என்றார். எழுதினேன், எட்டவில்லைதான். அவருடைய ஜோசியம் பலித்தது. ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்து, மனசு ஒட்டாமல் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன். கதை எழுத வந்தது அதன் பிறகு. என் வாசகர்கள் சிலர் அது நல்லதுக்கே என்பார்கள். என் அப்பா கடைசி வரை அப்படிச் சொல்லவில்லை.

அந்த நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006-இல் சட்டம் வந்தது. 2007-லிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே இன்ஜினீயரிங் சேர்க்கை. எங்கள் தெருவிலிருந்து, என்னைவிடப் பெரிய புத்திசாலிகள் என்று சொல்ல முடியாத பிள்ளைகள், வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு எட்டாத மரம் அவர்களுக்கு எப்படி எட்டியது? மரத்தின் கிளையை யாரோ தாழ்த்திக் கொடுத்தார்கள். இல்லை, சரியாகச் சொன்னால், யாரோ நடுவில் தூக்கிக் கட்டியிருந்த கிளையை அவிழ்த்து விட்டார்கள்.

இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருகிறேன். என் நண்பர் மூன்று சொன்னார். மூன்றும் அற்பமானவை அல்ல.

முதலாவது, யோக்கியதை. "மார்க் என்பது மார்க்தானே சார்? 600 வாங்கியவனை நிறுத்திவிட்டு 400 வாங்கியவளைச் சேர்த்தால், நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் படுக்கிறவன் கதி என்ன?"

மார்க் எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம். நீட் பரீட்சையின் விளைவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு குழு வைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையில் ஒரு விவரம் என் மனசைவிட்டுப் போகவில்லை. 2016-17-இல் மருத்துவத்தில் இடம் பெற்றவர்களில், ஏற்கெனவே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ காத்திருந்து மறுபடி வந்தவர்கள் எட்டுப் பேருக்கு ஒருவர். நீட் வந்தபின், 2020-21-இல், பத்துப் பேருக்கு ஏழு பேர்! அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு எழுதியவன் அல்ல, வீட்டில் உட்கார்ந்து மேற்கொண்டு படிக்க வசதி உள்ளவனே பெரும்பாலும் உள்ளே போகிறான். ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்க என்ன வேண்டும்? மூளையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் அவனுடைய கூலி இல்லாமல் அடுப்பு எரிய வேண்டும். எஸ்டேட் கூலியின் வீட்டில் அது எரியுமா? அந்த மார்க்கில் எத்தனை மார்க் பிள்ளையினுடையது, எத்தனை மார்க் அடுப்பினுடையது என்று பிரித்துக் காட்டட்டும். பிறகு யோக்கியதை பற்றிப் பேசுவோம்.

நீட்டை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் நான் தயாராக இல்லை. அதற்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்த்த காலத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்தில் மிகச் சிலர்தாம். அப்போது நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள், கோழிப் பண்ணையில் தீனி போடுவது போல் இரண்டு வருஷம் ஒரே பாடத்தைப் புகட்டி மார்க்கைக் கொழுக்க வைத்தன. ஊரே அவற்றை 'பிராய்லர் பள்ளி' என்று கேலி பேசிக்கொண்டே பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பரீட்சை மாறியது, பணம் போகிற வழி மாறியது, மலைப் பிள்ளை நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

ஆபரேஷன் மேஜைக்கு வருவோம். ஒதுக்கீட்டில் உள்ளே போகிற பெண்ணுக்குத் தனிப் பாடமா? தனிப் பரீட்சையா? அதே பிணத்தை அறுத்து, அதே வருஷங்கள் படித்து, அதே கேள்வித்தாளில் தேறித்தான் அவள் வெளியே வரவேண்டும். வாசலில்தான் ஒதுக்கீடு, வெளியே போகும் கதவு எல்லோருக்கும் ஒன்றுதான். பெருந்தொகை கொடுத்து மானேஜ்மெண்ட் கோட்டாவில் சேருகிறவனைப் பற்றி இந்த ஆபரேஷன் மேஜைக் கவலை யாருக்கும் வருவதில்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

பிள்ளையை அவன் உட்கார்ந்த பெஞ்சிலேயே வைத்து அளப்பது என்பது நம் நாட்டுப் பித்துக்குளித்தனம் அல்ல. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1997-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். அந்த மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியானாலும், தன் வகுப்பில் முதல் பத்துச் சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்றது அது. குக்கிராமப் பள்ளியின் முதல் பிள்ளையும் பட்டணப் பள்ளியின் முதல் பிள்ளையும் முதல் பிள்ளைகளே என்ற சாதாரண நியாயம். தனி உடைமையைத் தெய்வமாகக் கும்பிடுகிற தேசத்துக்கே அது புரிந்திருக்கிறது.

இரண்டாவது வாதத்தை என் நண்பர் வெகு சாமர்த்தியமாக எடுத்தார். "யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். மார்க்கை அப்படி இப்படித் திருத்தியதால்தானே அங்கே அத்தனை விபரீதம்?" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். நன்றாகவே நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். மருத்துவத்துக்கும் இன்ஜினீயரிங்குக்கும் போக, தமிழில் பரீட்சை எழுதியவன் சிங்களத்தில் எழுதியவனைவிட அதிக மார்க் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. ஒரு தலைமுறையின் நெஞ்சில் அது நெருப்பை வைத்தது. உண்மை. ஆனால் அங்கே எடையைக் கூட்டியது எதைப் பார்த்து? பள்ளியில் வாத்தியார் உண்டா, வீட்டில் விளக்கு உண்டா என்று பார்த்தா? எந்த மொழியில் எழுதினான் என்று பார்த்து! பின்னால் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இடம் இழந்தார்கள். மன்னார், வவுனியாப் பக்கத்துப் பின்தங்கிய தமிழ்ப் பிள்ளைகள் சிலர் முதன்முறையாக உள்ளே போனார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கத்தி ஒன்றுதான், வைத்தியன் கையிலும் இருக்கும், வழிப்பறிக்காரன் கையிலும் இருக்கும். எதைப் பார்த்து எடை போடுகிறோம் என்று ஊரறியச் சொல்லி, அதற்குக் காரணமும் காட்ட முடிந்தால் அது நியாயம். முடியாவிட்டால் அநியாயம். யாழ்ப்பாணம் எனக்குச் சொல்லும் பாடம் இதுதான். எடையே போடாதே என்பதல்ல.

மூன்றாவது வாதம் என்னைக் கொஞ்ச நேரம் வாயடைக்க வைத்தது. "ஆசை காட்டிக் காட்டித்தானே சார் பிள்ளைகளைக் கொல்கிறோம்? அரியலூர்ப் பெண்ணை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. குழுமூர் அனிதா. மூட்டை தூக்குகிறவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கிய பெண். முன்பு இருந்த முறைப்படி மருத்துவ இடம் நிச்சயம். அந்த 2017-ஆம் வருஷம் நீட் உண்டு என்றார்கள். தமிழ்நாட்டுக்கு விலக்கு வரும் என்றார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் நீட் மார்க்கை வைத்தே சேர்க்கை என்று முடித்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி அந்தப் பெண் உயிரை விட்டாள். இதை ஆசையின் குற்றம் என்கிறார் என் நண்பர். நான் மறுக்கிறேன். அந்தக் குழந்தை எட்டாத ஒன்றுக்கு ஆசைப்படவில்லை. கொடுத்த விலைப்பட்டியலைப் பார்த்து, அந்த விலையைக் காசு குறையாமல் எண்ணி வைத்தாள். எண்ணி வைத்தபிறகு கடைக்காரர்கள் நாணயம் செல்லாது என்றார்கள். ஓட்டம் நடக்கும்போது கோட்டை மாற்றியவர்கள் பெரியவர்கள். ஓடியவள் பேராசைக்காரி என்பது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை எடுத்துக் கொள்கிறேன். "உன்னால் முடியும், கனவு காண்" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவனும் "உனக்கு வாய்ப்பில்லை" என்கிறவனும் ஒரே சோம்பேறியின் இரண்டு முகங்கள். இரண்டு பேருமே விசாரிப்பதில்லை. 2025-இல் இதே சேலம் மாவட்டத்தில், கல்வராயன் மலைக் கருமந்துறைப் பக்கத்துப் பழங்குடிப் பெண் ஒருத்தி, அரசுப் பள்ளியில் படித்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றாள். மேடைதோறும் அவளைப் பாராட்டினோம். சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஐ.ஐ.டி.க்கான கடைசிப் பரீட்சையின் கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும்தான் வருகிறது என்பதைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் சொன்னோம்? ஒருத்தி சுவர் ஏறிக் குதித்துவிட்டாள் என்பதைக் காட்டிச் சுவரே இல்லை என்று பேசுவது பாராட்டல்ல.

ஆகவே நாகலூர்ப் பெண்ணுடைய கணக்கையும் மிகைப்படுத்தாமல் போட்டுப் பார்த்தேன். 2020-இல் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் முந்நூற்றுச் சொச்சம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒரு சதவீதம். அப்படியானால் மூன்று இடம். 2022-இல் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் புதிதாக வந்தபின் கொஞ்சம் கூடியிருக்கும். அப்போதும் விரல் விட்டு எண்ணலாம். இதற்கு வெளியே பழங்குடியினருக்கான பொது ஒதுக்கீடு உண்டு. அங்கே போட்டி வேறு. மருத்துவம் கிடைக்காவிட்டால் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் ஆகியவற்றிலும் 2021 முதல் அதே 7.5 சதவீதம் உண்டு. ஆனால் எதற்கும் முன்னால் கையில் இருக்க வேண்டியது ஒன்று: சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். மலைக்கு மேலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு எத்தனை முறை நடந்தால் அது கிடைக்கும் என்பதற்கு நான் எந்தப் புள்ளிவிவரத்திலும் விடை காணவில்லை. சேலத்தில் இருப்பதால் அதுவாவது உண்டு. இதே மலையாளி மக்கள் ஈரோட்டுப் பக்கத்துப் பர்கூர் மலையில், தங்களையும் பட்டியலில் சேருங்கள் என்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாவட்ட எல்லைக் கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் வாய்ப்பு!

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மலையைவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்காடு பள்ளிகளுக்குப் பேர் போன ஊர். சேக்ரட் ஹார்ட் கான்வெண்ட் 1894-இலும் மாண்ட்ஃபோர்ட் 1917-இலும் தொடங்கியவை. குளிர்ந்த காற்றும் அமைதியும் படிப்புக்கு நல்லது என்று, நூறு வருஷத்துக்கு மேலாக வெகு தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை இந்த மலைக்கு அனுப்பி வருகிறார்கள். நல்ல பள்ளிகள், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் காற்றிலேயே பிறந்த பிள்ளைக்குப் படிப்பு வேண்டுமென்றால், அவளை மலையைவிட்டு இறக்கி நாமக்கல் வெயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எனக்கும் என் நண்பருக்கும் ஒரே நிமிஷத்தில் தோன்றியதே, அது எப்படி? அந்தப் பணத்தில் ஒரு பௌதிக ஆசிரியரை இரண்டு வருஷத்துக்கு அமர்த்தி, மலைப் பள்ளியில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலையில் பாடம் சொல்ல வைக்கலாமே என்று ஏன் தோன்றவில்லை?

இதை அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு பிள்ளையென்றால் முகம் தெரியும் சார்" என்றார். நேர்மையான பதில். நம்மில் பெரும்பாலோர் தர்மம் செய்வதும் செய்யாமலிருப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான். அவருக்கு இன்னும் என்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் விஷயமாகப் பள்ளியில் பேசிப் பார்க்கிறேன் என்று கடிதம் எழுதியிருக்கிறார். பேசினாரா என்று கேட்டு நானும் எழுதியிருக்கிறேன், விடமாட்டேன்.

மறுநாள் காலையில் பால் வந்தது. பெண்ணும் வந்திருந்தாள். நான் எழுதி வைத்திருந்த வசனத்தைப் பேசவில்லை. ஆசிரியை அம்மாள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளியை மாற்றக் கூடாது. சான்றிதழுக்கு இந்த மாதமே மனுக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு முடிந்தபின் ஓடக் கூடாது. நீட் கேள்வித்தாள் தமிழிலும் வரும். முதல் தடவையில் வராவிட்டால் என்னென்ன வழி என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். என் கையெழுத்தில் அச்சுக்குப் போகாமலேயே ஒருவருக்கு உபயோகப்பட்ட முதல் எழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்போ சீட்டுக் கெடைச்சுருமுங்களா சார்?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். "நான் மட்டுமல்ல, யாரும் இப்போது சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பாதீங்க. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மூடியிருக்கிறது என்று இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது."

அவர் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தாள். பிறகு, அந்த மூன்று நாளில் முதல் தடவையாக, என்னிடம் பேசினாள்:

"சார், கோட்டாட்சியர் ஆபீஸ் சேலத்துல எந்தப் பக்கமுங்க?"

அது எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.